விண்ணப்பதாரரை எனக்குத் தெரியாது

ஜனவரி 19

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

நலமா? சிநேகிதிகள் என்றுதான் பேர், போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, அதனால் வழக்கம்போல் கடிதம். இங்கே நால்வரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. நான் வேலை பார்த்த தையல் கூடத்தைப் பூட்டி இரண்டு மாதமாகிறது. லாரியிலிருந்து விழுந்த என் வீட்டுக்காரர் இன்னும் காலைத் தரையில் ஊன்றவில்லை. உணவு உதவி அட்டைதான் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது பழைய அட்டை செல்லாது, எல்லாரும் புதிதாக மனுப் போட வேண்டும் என்று கடையில் ஒட்டிவிட்டார்கள்.

போட்டுவிட்டேன். மனு எங்கே போகும் என்று கேட்டேன். உன் அலுவலகம், அதிலும் உன் பிரிவு! கடைக்காரர் முன்னால் கை தட்டிவிட்டேன். இனி எனக்கென்ன கவலை? சீக்கிரம் முடித்துக் கொடுடி.

சின்னவள் உன்னைக் கேட்டாள். பெரியவள் கேட்கவில்லை, அவளுக்கு உன் சுபாவம்தான் வாய்த்திருக்கிறது.

உன்
வாயாடி


பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மனு என் மேஜைக்கு வந்தது. புது விதிப்படி ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. 'விண்ணப்பதாரரை எனக்குத் தெரியாது' என்று ஒன்று, 'தெரியும்' என்று மற்றொன்று. வேண்டியவர்களுக்கு மட்டும் அட்டை கொடுத்து மாட்டிக்கொண்ட சிலரால் வந்த வினை. தெரியாது என்றால் நானே ஒரு வாரத்தில் முடிக்கலாம். தெரியும் என்றால் தலைமை அலுவலகம் போய் வர வேண்டும்.

'தெரியும்' என்பதில் குறியிட்டு அனுப்பிவிட்டேன். ஒரு மாதத்தில் வந்துவிடும் என்கிறார்கள். அதுவரை உனக்கு நான் ஒரு பிடி அரிசி அனுப்பினால்கூடக் குற்றம் என்று விதியில் இருக்கிறது. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். எப்படியாவது சமாளித்துக்கொள்.

இப்படிக்கு,
உம்மணாமூஞ்சி


மார்ச் 21

உம்மணாமூஞ்சிக்கு,

ஒரு மாதம் என்றாய். ஏழு வாரம் ஓடிவிட்டது. அடுத்த வீட்டு பெயிண்டர் எனக்குப் பிறகு மனுப் போட்டவர். அவரை உனக்குத் தெரியாது, கொடுத்துவைத்த மனிதர். எட்டாம் நாள் மாவும் பருப்பும் எண்ணெயும் வாங்கி வந்து, ஒரு கிண்ணம் பருப்பை எங்களுக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பள்ளியில் மதியச் சாப்பாடு போடுவதால் மற்ற நாட்கள் எப்படியோ ஓடிவிடுகின்றன. சனி, ஞாயிறுதான் தள்ள முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள், "எனக்குப் பசிக்கலம்மா, அக்காவுக்கே குடு" என்றாள். ஏழு வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். உனக்கு நாற்பது வயதிலும் வரவில்லை.

என்னைத் தெரியும் என்று எழுதச் சொல்லி யார் உன்னைக் கேட்டது?

வாயாடி


ஏப்ரல் 4

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தேன்.

கோப்பு திரும்பி வந்துவிட்டது. அங்கே அதை யாரும் பிரிக்கவே இல்லை, நான் கட்டிய நூல் முடிச்சு அப்படியே இருந்தது. படிவம் மாறிவிட்டதாம், முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். புதுப் படிவத்திலும் அதே இரண்டு கட்டங்கள். இன்று காலை பத்தரை மணிக்கு 'தெரியாது' என்பதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பதினான்கு வருட வேலையில் முதல் பொய். கையெழுத்து எப்போதும்போல் நேராகவே விழுந்தது, அதுதான் வருத்தமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் உன் வீட்டுக்கு வருவார். அலுவலகத்தில் யாரையாவது தெரியுமா என்று கேட்பார். தெரியாது என்று சொல். உன் கல்யாணப் படத்தில் நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேனே, அதைக் கழற்றி வை. அவர் தினமும் என்னைப் பார்ப்பவர். அட்டையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இதே கையெழுத்துதான். ஆகவே அது உன் கையில் இருக்கும்வரை எனக்கு எழுதாதே, போனும் வேண்டாம். நானும் எழுத மாட்டேன். இந்த வரியைத்தான் மூன்று முறை அடித்து எழுதினேன்.

உம்மணாமூஞ்சி


ஏப்ரல் 20

அன்புள்ள உனக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், படித்ததும் கிழித்துவிடு.

ஆய்வாளர் வந்தார். "ஆபீஸ்ல தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்றார்.

"ஒருத்தரையும் தெரியாது சார்."

சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள், "வா, சாருக்குத் தண்ணி எடுத்துட்டு வரலாம்" என்று அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உன் சுபாவம் என்று சும்மா சொல்லவில்லை. படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. "இங்க என்ன இருந்துச்சு?" என்றார். "காலண்டர் சார்." அதையும் எழுதிக்கொண்டு போனார்.

அட்டை வந்துவிட்டது, கடையில் சாமான் பையும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வயிறாரச் சாப்பிட்டோம். நான் மட்டும் பாதியில் எழுந்து பின்பக்கம் போய் அழுதேன். என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவளைத் தெரியாது என்று சொல்லி வாங்கிய சாப்பாடு. பிறகு வந்து மீதியையும் சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
உனக்குத் தெரியாத ஒருத்தி


அக்டோபர் 10

உணவு உதவிப் பிரிவு எழுத்தர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு தைக்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. என் கணவரும் கோலூன்றி நடந்து ஒரு கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போகிறார். ஆகவே உணவு உதவி இனித் தேவைப்படாது. அட்டையைப் புதுப்பிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என் கோப்பை மூடிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மேலும், வீட்டு ஆய்வின்போது சுவரில் காலியாக இருந்த இடத்தைப் பற்றி ஆய்வாளர் ஐயா கேட்டிருந்தார். அங்கே வழக்கமாக இருக்கும் படத்தை மறுபடி மாட்டிக்கொள்ள ஆட்சேபணை உண்டா என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்


அக்டோபர் 30

விண்ணப்பதாரர் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் அட்டையும் கிடைத்தன. கோப்பை மூடும் படிவமும் மாறிவிட்டதால் தாமதம் ஏற்பட்டது. தங்கள் கோப்பு இன்று காலை பத்தரை மணிக்கு மூடப்பட்டது.

படத்தை மாட்டிக்கொள்ள ஆட்சேபணை இல்லை. நேராக மாட்டப்பட்டுள்ளதா என்று வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கப்படும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைக்கவும்.

இப்படிக்கு,
உம்மணாமூஞ்சி