பக்கத்து வீட்டு ரொட்டியோடு மேடையேறியவருக்கு

அப்துல்ஹக்,

நம் மகள் ரீமைக் கூட்டிக்கொண்டு ஸெஃப்ரூவுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். ஹரீரா சூப் சட்டியில் இருக்கிறது. சுடவைக்கவாவது தெரியும் என்று நம்புகிறேன். போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஜுஹூர் அக்காவிடம் கொடுங்கள், அவர் முகத்தில் முழிக்க முடிந்தால்.

நேற்று ஃபெஸ் நகரத்தின் பிறந்தநாளுக்குக் குடும்பத்துக்கு ஒரு ரொட்டி என்று போட்டி. தெருமுனைப் பொது அடுப்பிலிருந்து ரொட்டியில் குத்தியிருக்கும் நம் வீட்டு அடையாளம் பார்த்து எடுத்து வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். துரை கொண்டுவந்தது அக்கா வீட்டு ரொட்டி! அதை மேடையில் தூக்கிப் பிடித்து, "இந்த ஊருக்கு முதல் கல்லு வெச்ச நாள்லேர்ந்து எங்க வம்சம் சுடுற ரொட்டி" என்று முழக்கம் வேறு.

"தம்பி, பிறை எங்க வீட்டு அடையாளம்ப்பா!" என்று அக்கா முன்வரிசையிலிருந்து கத்த, கூட்டமே சிரித்தது.

அதோடு விட்டீர்களா? "என் பொண்டாட்டி வெளியூர்க்காரி, அடையாளத்த மாத்திக் குத்திட்டா" என்றீர்கள். பதினாறு வருஷமாக இந்த வீட்டு மாவைப் பிசைகிறவள் வெளியூர்க்காரி!

இன்றைய ஊர்வலத்துக்கான ராஜா வேஷ ஜெல்லாபா அங்கியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். குதிரையாவது உங்களுடையதா என்று பார்த்து ஏறுங்கள்.

நுஸ்ஹா

பி.கு: பலகையில் மாவைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அடுப்புக்குக் கொண்டுபோங்கள். நம் அடையாளம் நடுவில் மூன்று குத்து.

இன்னொன்று: உங்கள் வம்சத்துக்கு அடையாளமே கிடையாது. உங்கள் அம்மா கடையில்தான் ரொட்டி வாங்கினார். அந்த மூன்று குத்து ஸெஃப்ரூவில் என் அம்மா வீட்டுடையது. இன்று மேடையில் அதையும் சொல்லுங்கள். சொன்னீர்கள் என்று ஜுஹூர் அக்கா போன் செய்த பிறகுதான் நான் திரும்பி வர பஸ் ஏறுவேன்.