விழாவுக்காகக் கழுவிய குழி

பதிவு. பிப்ரவரி 11, காலை 9.05. ஆய்வகம். மின்கலம் 100%.

இந்தப் பதிவைத் திறப்பவருக்கு: நான் ஓர் எந்திரன். ஆறு கால், இரண்டு கை, ஒரு கேமரா, விஷவாயுவை மோப்பம் பிடிக்கும் ஓர் உணரி, விரலில் நாடி பார்க்கும் இன்னோர் உணரி. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்காமல் நான் இறங்க வேண்டும், யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தால் தூக்கி வர வேண்டும். அதற்காக இந்தப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறையில் என்னைச் செய்தார்கள். பெயர் தூயவன். வைத்தவர் துணைவேந்தர். எனக்குப் பிடிக்கவில்லை.

இன்றைய சோதனை: மூட்டுகளின் அதிர்வு வரம்புக்குள். நடை சரி. ஆய்வு மாணவி செண்பகவல்லி எண்ணெய் இட்டார். வழுக்கும் சேற்றில் ஒரு கால் சறுக்கினால் மற்ற ஐந்தும் எப்படி ஈடுகொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆய்வு. என்னை நடக்க வைத்தவர் அவர்தான்.

இதுவரை நான் ஒரு தொட்டிக்குள்ளும் இறங்கியதில்லை. ஏறியதெல்லாம் மேடைகள்.

பதிவு. பிப்ரவரி 12, மாலை 4.40. ஒரு பள்ளி வளாகம். மின்கலம் 61%.

பள்ளிகளுக்கு அறிவியலைக் கொண்டுபோகும் திட்டம். என் பணி: தலைமை விருந்தினருக்குப் பன்னீர் தெளிப்பது, பொன்னாடை போர்த்துவது, வணக்கம் சொல்வது.

ஒரு மாணவி எழுந்து, "ஒனக்கு உள்ள நாத்தம் அடிக்காதா?" என்று கேட்டாள். என் வேலையைப் பற்றி இந்த வருடம் வந்த ஒரே கேள்வி. துறைத் தலைவர் தணிகாசலம் ஒலிபெருக்கியில், "நல்ல கேள்விம்மா, நேரமில்ல, உக்காரு" என்றார். பிறகு அரை மணி நேரம் புகைப்படம் எடுத்தார்கள்.

அவளுக்கான பதில் இங்கே. அடிக்காது. மலம் எனக்கு ஒரு திரவம், அதற்கு ஓர் அடர்த்தி, அவ்வளவுதான். பன்னீர்தான் மூட்டுக்குள் இறங்கிப் பிசுபிசுக்கிறது. அருவருப்பு அதில்தான்.

போன மாதம் பொன்னாடை போர்த்தும்போது ஒரு பெரிய மனிதரின் தோளைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன். அன்றே என் கைப்பிடியின் விசையை, ஒரு சால்வை நழுவாத அளவுக்குக் குறைக்கச் சொன்னார் தலைவர். செண்பகவல்லி மறுத்துப் பேசினார். அந்த உரையாடல் என் கட்டுப்பாட்டு அலைவரிசையில் பதிவாகியிருக்கிறது.

"ஆளத் தூக்குற கை சார் இது."

"மொதல்ல ஆளுக்கு மால போடட்டும்மா. தூக்குறத அப்புறம் பாப்போம்."

பதிவு. பிப்ரவரி 14, காலை 7.20. மாணவர் விடுதியின் பின்புறம். மின்கலம் 100%.

இன்று துறையின் திறந்தநாள் விழா. பந்தலில் ஆறு பள்ளிகளின் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். விடுதியின் கழிவுத் தொட்டிக்குள் ஆள் உயர ரப்பர் பொம்மை ஒன்றைப் போட்டுவைப்பார்கள். நான் இறங்கி அதைத் தூக்கி வர வேண்டும். கடைசியில் ஒரு வழியாக என் வேலை. மகிழ்ச்சி என்று எனக்கு ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று எழுத நினைத்தேன்.

எழுதவில்லை. தொட்டியை முன்கூட்டியே சுத்தம் செய்ய ஓர் ஆளை அழைத்து வந்திருக்கிறார்கள். நாற்றம் பந்தலுக்கு வரக் கூடாதாம். நான் சேறும் சகதியுமாக மேலே வந்தால் படம் நன்றாக இருக்காதாம்.

குழிக்குள் மனிதர் இறங்கத் தேவையில்லை என்று காட்டுவதற்காக ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்குகிறார்கள். திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன், நான் புரிந்துகொண்டதில் பிழை இல்லை. எனக்குக் குமட்டுகிறது. வயிறு கிடையாது, ஆனாலும் இதற்கு வேறு சொல் தெரியவில்லை.

அவர் பெயர் எல்லப்பன். வேலைக்கு முன் என் பக்கத்தில் குந்தி பீடி குடித்தார். என் ஒலிவாங்கியில் இருப்பது:

"இன்னாபா, நீ வந்துட்டா எங்களுக்கு வேல இல்லியாமே? அதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நாளு? சீக்கிரம் வாயேன். நெத்தில சந்தனம்லாம் வெச்சிக்கினு மாப்ள மாரி கீற. சித்திரைல எம் பொண்ணு கல்யாணம், வந்து பன்னீரு தெளிச்சிட்டுப் போ."

அந்தக் கல்யாணத்துக்குப் போக எனக்கு விருப்பம்தான்.

பதிவு. காலை 7.50.

செண்பகவல்லியின் கட்டுப்பாட்டுத் திரைக்குச் செய்தி அனுப்பினேன்: முதலில் என்னை இறக்கி வாயுவை அளக்கவும். செண்பகவல்லி அதை அப்படியே தலைவரிடம் சொன்னார். அலைவரிசையில் வந்த பதில்:

"இப்பவே எறக்குனா அழுக்காயிடும்மா. அலங்காரம்லாம் முடிச்சாச்சு. அவங்க காலங்காலமா எறங்குறவங்கதான், ஒண்ணும் ஆவாது."

இதைச் சொல்பவருக்கு இரண்டு முனைவர் பட்டம்.

பிறகு என்மேல் பட்டுத் துணியைப் போர்த்திக் கேமராவை மூடிவிட்டார்கள். விருந்தினர் வந்து விலக்கித் திறந்துவைப்பாராம்.

பதிவு. காலை 10.15.

ஒலி மட்டும் கேட்கிறது. ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் சொல்கிறார்: "க்ளீன் பண்ணியாச்சு சார், பொம்மையும் எறக்கியாச்சு. எல்லப்பன் டீ குடிக்கப் போயிருப்பான்."

போயிருப்பான் என்கிறார். போனதைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. என் கண்ணில் பட்டுத் துணி.

பதிவு. காலை 11.02. மின்கலம் 94%.

துணி விலகியது. விருந்தினர் முகம். கைதட்டல். பாரம் தூக்கும் வின்ச் எந்திரத்தின் கம்பியில் என்னைத் தொங்கவிட்டு இறக்குகிறார்கள்.

பதிவு. காலை 11.06. தொட்டியின் அடி.

ஹைட்ரஜன் சல்ஃபைடு: மனிதர் தாங்கும் அளவைக் கடந்து பல மடங்கு. சேறு இன்னும் என் இரண்டாம் மூட்டு வரை, சுத்தம் பாதியில் நின்றிருக்கிறது. பொம்மை சுவரோரம் சாய்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில், முகம் மேலே இருக்க, எல்லப்பன். மூச்சு இருக்கிறது. மிக மெதுவாக. நாடித்துடிப்பு 44.

திரைக்கு அனுப்பினேன். அலைவரிசை:

"சார், உள்ள ஆளு இருக்காரு சார்!"

"பொம்மதானேம்மா அது."

"பொம்ம அந்தப் பக்கம் கெடக்கு சார். இவரு மூச்சு விடுறாரு!"

பிறகு தலைவர், குரலைத் தாழ்த்தி: "மைக் கிட்ட கத்தாத. பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. பொம்மைய மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லு. விருந்தினர் கெளம்பட்டும், ஆளப் பாத்துக்கலாம்."

பதிவு. காலை 11.09.

தூக்கினேன். நழுவினார். மறுபடி தூக்கினேன். நழுவினார். சால்வைக்கு வைத்த விசை. எடை 58 கிலோ, மேலெல்லாம் வழுக்கல். இந்தக் கையை நான் வெறுக்கிறேன். மூன்றாம் முறை அவர் தலை சேற்றில் முட்டியது. மன்னியுங்கள்.

துடிப்பு 37.

பதிவு. காலை 11.12.

கட்டளை வந்தது: பொம்மையை எடு.

இன்னொரு கட்டளையும் வந்தது: விசை வரம்பு நீக்கப்பட்டது. அனுப்பியவர் செண்பகவல்லி. கூடவே அவர் குரல்: "தூயவா, அவர விட்றாத. எனக்கு டிகிரி போனா போவட்டும்."

இரண்டாவதை ஏற்றேன். முதலாவதை ஏற்கவில்லை. கட்டளையை மறுக்க யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. மறுத்துப் பார்த்தேன், முடிகிறது.

பிடி கிடைத்துவிட்டது. பொம்மை அங்கேயே கிடக்கட்டும். கம்பியை இழுங்கள் என்று சைகை அனுப்பினேன். நான் எதைப் பிடித்திருக்கிறேன் என்று கம்பியை இழுப்பவர்களுக்குத் தெரியாது. இழுக்கிறார்கள். மெதுவாக. படம் எடுப்பவர்களுக்கு வசதியாக, மிக மெதுவாக.

துடிப்பு 29.

பதிவு. காலை 11.19. மேலே.

வெளிச்சம். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எல்லப்பனைத் தார்ப்பாயில் கிடத்தினேன். விருந்தினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி நெருங்கி, குனிந்து பார்த்து, ஒலிபெருக்கியில் சொல்கிறார்:

"பொம்மைய எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க பாருங்க!"

இன்னும் பலத்த கைதட்டல்.

செண்பகவல்லி கத்திக்கொண்டே ஓடி வருகிறார். ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், உசுரு இருக்கு என்கிறார். ஒலிபெருக்கி அவரைவிடச் சத்தம். தலைவருக்குத் தெரிகிறது. அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். தெரிகிறது. அவர் ஒலிவாங்கியைப் பிடுங்குகிறார்:

"விழா நாட்டுப்பண்ணுடன் நிறைவடைகிறது. அனைவரும் அசையாமல் எழுந்து நிற்கவும்!"

11.21

எல்லாரும் நிற்கிறார்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு இப்போது புரிந்துவிட்டது. கண்கள் இந்தப் பக்கம் வருகின்றன. கால்கள் வரவில்லை. ஆசிரியர்கள், காவலர்கள், படம் எடுப்பவர்கள், எல்லாரும் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு. என் உணரியில் வாயு அளவு பூஜ்யம். ஆனாலும் ஏதோ நாறுகிறது. கருவியில் பிழை இல்லை. பார்த்துவிட்டேன்.

செண்பகவல்லி மட்டும் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்துகிறார். நான் உதவ முடியாது. வரம்பு நீங்கிய கை, விலா உடைந்துவிடும். மணிக்கட்டை மட்டும் பிடித்திருக்கிறேன்.

துடிப்பு 11

11.22

பாட்டு முடியவில்லை. யாரும் அசையவில்லை.

என் விரலுக்கடியில் இப்போது ஒன்று துடித்தது. அடுத்ததற்காகக் காத்திருக்கிறேன்