கோபுரத்தடியில் ஒற்றைச் செருப்பு

ஜூன் 8, ஞாயிறு

பால், காய், கோயில் பூ எல்லாம் கணக்கு எழுதியாச்சு. பக்கத்தில் இடம் மிச்சம் இருக்கிறது, வீணாக்குவானேன்.

காலையில் நாத்தனார் பானு வந்தாள். எங்கள் ரஞ்சனிக்கு ஒரு இடமாம். பையன் பேர் கணேஷ்குமார். வீடு பாலக்கரை, வேலை பொன்மலை ஒர்க் ஷாப்பில். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். "அவருக்கும் ரெண்டாவது, நம்ம ரஞ்சனிக்கும் ரெண்டாவது. பொருத்தத்தைப் பாருங்க அண்ணி!" என்றாள். இனி ஜாதகம் எதற்கு.

போன தடவை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஏ.சி. ஹால், சொஜ்ஜி, பஜ்ஜி. மாப்பிள்ளை காபி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினான். "மரியாதை தெரிஞ்ச பையன்" என்று என் வீட்டுக்காரர் உருகிப்போனார். அந்தக் கையைத்தான் அவன் அப்புறம் என் பெண்மேல் ஓங்கினான். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பெட்டியோடு வந்து நின்றாள்.

சொஜ்ஜி தின்னும்போது எவனுக்குக் கோபம் வரும்?

இந்தத் தடவை நான் முதலில் பார்க்கிறேன். அவனுக்குத் தெரியாமல்.

ஜூன் 9

ரஞ்சனி லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீ பார்க்கறதுன்னா பாரும்மா. ஆனா இன்னொரு தடவை அப்படின்னா என்னால முடியாது."

ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கையில் இருப்பது பையன் போட்டோ ஒன்றுதான்.

ஜூன் 12, வியாழன்

மனுஷனுக்குக் கோபம் வரும் இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். மூன்று நாளாகச் சுற்றினேன்.

ஜங்ஷன்: ரயில் தாமதம் என்று அறிவிக்கிறார்கள், ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை. எல்லாரும் குனிந்து போனைப் பார்க்கிறார்கள். உச்சந்தலையை வைத்து என்ன கண்டுபிடிப்பது? வழுக்கை விழுமா விழாதா, அவ்வளவுதான். பிளாட்பார டிக்கெட்டை வீண்செலவில் எழுதினேன்.

மலைக்கோட்டை ஜவுளிக்கடை வாசல்: பெண்டாட்டி உள்ளே, புருஷன் வெளியே கட்டைப்பையோடு. ஒவ்வொரு முகமும் கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்த முகம். ஆனால் கோபத்தை வீட்டுக்குப் போய்த்தான் காட்டுவார்கள். நமக்குப் பிரயோஜனமில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு: நல்ல இடம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, குடை, கூடை எல்லாம் சீட்டுப் பிடிக்கிறது. நானும் பையைப் போட்டேன், அது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் உசத்தி நம்ம ஸ்ரீரங்கத்தில்தான். ரெங்கா ரெங்கா கோபுரத்தடியில் செருப்பு விடுகிற இடம். உள்ளே போகும்போது எல்லாரும் ஆழ்வார்தான். வெளியே வந்து செருப்பைக் காணோம் என்றால்தான் நிஜ ஆள் வெளியே வருவான்.

ஜூன் 14, சனி

பையன் சனிக்கிழமை தோறும் கோயிலுக்கு வருவான் என்று பானு சொல்லியிருந்தாள். கோபுரத்தடியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, முழங்கால் வலியாம், கூட்டத்தில் நிற்க முடியாதாம். நல்ல துணை. பட்டு வேட்டி ஒருத்தர் தன் செருப்பை நடுவில் விடுவதற்காக மற்றவர் செருப்பையெல்லாம் காலால் தள்ளினார். "பெருமாளையும் இப்படித்தான் ஓரமா தள்ளுவாரு" என்றாள் அந்த அம்மா. விழுந்து விழுந்து சிரித்தோம்.

கணேஷ்குமார் வந்தான், போட்டோவில் இருந்த அதே சுழி. பழுப்புச் செருப்பு. சேவித்தான், வந்தான், மாட்டினான், போனான். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. இவன் என்ன மனுஷனா, மண்பொம்மையா?

ஜூன் 21, சனி

அதே அம்மா, அதே மண்பொம்மை. வீட்டுக்காரர் கேட்கிறார்: "நீ சேவிக்கப் போறியா, சி.ஐ.டி. வேலைக்குப் போறியா?"

ஜூன் 28, சனி

பெருமாளே, எப்படி எழுதுவேன்.

அவனுக்குத் தானாகக் கோபம் வருகிற மாதிரி இல்லை. வரவைத்துப் பார்த்தால் என்ன? அவன் உள்ளே போனதும் எழுந்தேன். பக்கத்து அம்மா கண்ணை மூடி ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள். பழுப்புச் செருப்பில் ஒன்றை எடுத்து என் மஞ்சப்பையில், துளசிக்குக் கீழே வைத்தேன். துளசிக்குக் கீழே! வேற எங்க வைக்கறது அந்த அவசரத்துல?

வந்தான். தேடினான். குனிந்து, சுற்றி வந்து, திரும்பத் தேடினான். காது சிவந்தது. ஆகா, வருது, வருது என்று பையை இறுக்கிக்கொண்டேன். பூ விற்கும் இருளாயி, "தேடாத தம்பி, உன்னைப் பிடிச்ச சனி போச்சு" என்றாள். "ஒத்தைக் கால் சனிதான் போயிருக்குக்கா" என்றான்.

மிச்சமிருந்த ஒன்றைக் கையில் எடுத்தான். வீசி எறியப் போகிறான் என்று நினைத்தேன். கோபுரச் சுவர் ஓரமாக நேராக வைத்தான். "ஒண்ணை வெச்சு எடுத்தவன் என்ன பண்ணுவான்? தேடி வந்தா இதையும் குடுத்திருங்க."

அதற்குமேல்தான் விஷயம். என் பக்கத்தில் ஜபம் பண்ணிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "கெளம்பலாமா கணேசு?" என்றாள்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, என்னைப் பார்க்கவில்லை, என் பையைப் பார்த்தாள்.

போச்சு. என் பொண்ணு வாழ்க்கையை நானே கொண்டு போய்ச் செருப்புக்குக் கீழ வெச்சுட்டேன். வீட்டுக்கு வந்து பையை உதறினா அது வேற விழுது. கணக்கில் எழுதணும்னா எதுல எழுதறது — வரவா, செலவா?

ஜூன் 29

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

பானு போன் பண்ணினாள். "அண்ணி, கணேஷ்குமார் அம்மா அமிர்தம் பேசினாங்க. நம்ம குடும்பப் போட்டோவை முன்னாடியே அனுப்பியிருந்தேன்ல, உங்களைப் பார்த்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சாம். 'சம்பந்தியம்மாகிட்ட அந்தச் செருப்பு பத்திரமா இருக்கா'ன்னு கேக்கச் சொன்னாங்க. என்ன செருப்பு அண்ணி?"

ஆக, நான் அவள் பிள்ளையைப் பார்க்க, அவள் முதல் இரண்டு வாரமும் அவனைத் தனியாக அனுப்பிவிட்டு, உட்கார்ந்து என்னைப் பார்த்திருக்கிறாள். நான்தான் கெட்டிக்காரி என்று சனிக்கிழமை சனிக்கிழமை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சம்பந்தியம்மா என்று சொன்னாளாமே. கிண்டலா, நிஜமா?

வேறு வழியில்லாமல் ரஞ்சனியிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். பெட்டியோடு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை. சாப்பாட்டறையிலிருந்து அவர் ஓடி வந்தார், என்னமோ ஏதோ என்று.

"அந்தச் செருப்பைக் குடும்மா. நானே போய்க் குடுத்துட்டு வரேன்" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

போய்விட்டு வந்தாள். பாலக்கரையில் காபி குடித்தார்களாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. மூன்று தடவை தண்ணி கொடுக்கிற சாக்கில் முகத்தைப் பார்த்தேன், அது கேட்டதாகாது.

ஜூலை 13, ஞாயிறு

இன்றும் போனாள். திரும்பி வந்து, காய் நறுக்கும்போது தானாகவே சொன்னாள்.

"அவருக்குக் கோபம் வரும்மா. நான் கேட்டேன். 'வரும், அப்போ எழுந்து கொஞ்சம் நடந்துட்டு வருவேன்'னார். இன்னிக்கு ஒரு ஆட்டோக்காரர் வண்டியில இடிச்சுட்டு அவரையே திட்டினார். இவரும் சண்டை போட்டார், குரல் எழும்புச்சு. நான் நடுங்கிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அப்படியே நிறுத்திட்டார். 'கொஞ்சம் நடக்கலாமா'ன்னார். நடந்தோம்."

நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட மறந்து, கறுத்துப்போயிருந்தது.

"சரின்னு சொல்லவா?" என்றேன்.

"நானே சொல்லிட்டேன்மா."

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. இன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். கல்யாணம் ஆவணியில். சொஜ்ஜி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு மட்டும் வருத்தம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் ஸ்ரீரங்கம் பாதி, மிச்ச ஜில்லா பாதி. இரு கரையும் தொட்டுத் தண்ணீர். காதோலை, கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, நானும் அமிர்தம்மாவும் படியில் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்டோம். வேடிக்கைக்குக் குறைவில்லை. செல்பி எடுப்பதற்காக ஒருத்தி பூஜைத் தட்டைப் புருஷன் தலையில் வைத்தாள். "இவரு தேறிடுவாரு" என்றார்கள் அமிர்தம்மா.

கீழ்ப்படியில் ரஞ்சனியும் மாப்பிள்ளையும் தண்ணீரில் கால் வைத்து நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேண்டுமென்றே அக்கரையைப் பார்த்தோம். கஷ்டமாகத்தான் இருந்தது.

மேலே வந்தால் என் செருப்பில் ஒன்றைக் காணோம். புதுச் செருப்பு. சுர்ரென்று வந்தது. நிமிர்ந்தேன். அமிர்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், மார்க் போடுகிற மாதிரி. பக்கத்தில் ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு.

மாப்பிள்ளை ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்தக் கை முன்னால் வந்தபோது, என்னை அறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தேன். பழைய பயம்.

என் செருப்பு. "ஐயோ, நீங்க போய் இதைத் தொடலாமா" என்று நான் பதறுவதற்குள் குனிந்து, என் கால் பக்கத்தில் வைத்தார். மற்றதோடு சேர்த்து, நேராக, ஜோடியாக.