பழைய கன்ட்ரோலர்

12 ஜூன் 1995, திங்கள்

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. பேண்டேஜ் துணி எதுவும் காயவில்லை. மச்சான் (தங்கை புருஷன், மில்லுக்கு முதலாளி) திருப்பூர் போயிருக்கிறார். அவர் வரும்வரை மேனேஜர் நான்தான்.

கம்ப்யூட்டர் இன்றும் கிளம்பத் தாமதம். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு, கண் சிமிட்டிக்கொண்டு. டீக்கடைக்குப் போய் வடை தின்றுவிட்டு வந்தாலும் அதே கோடு. புது மெஷின். பார்த்து வாங்கியது நான். (மச்சான் தான்தான் என்பார். சொல்லட்டும்.) ராஜபாளையத்தில் கம்ப்யூட்டரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மதுரையில் ஒரு நாள் வகுப்பு. பின்வரிசையில் இருந்தே வாத்தியாரை வியர்க்க வைத்தேன்.

ஒரு சந்தேகம். ஆபீசைத் திறந்து மெஷினைப் போடுவது யார்? கன்ட்ரோலர். பஸ் டெப்போவில் கன்ட்ரோலராக இருந்து ரிட்டையர் ஆனவர். சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. சாவி அவரிடம். மெஷின் கிளம்பியதும் "வண்டி எடுத்தாச்சு!" என்று குரல் கொடுப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

13, செவ்வாய்

லேசான வெயில். வாங்க: பிரிண்டர் ரிப்பன், பல்லிக்கு மருந்து, தலைவலித் தைலம்.

வெள்ளனவே போய் ஆபீஸ் ஜன்னலோரம் நின்றேன். துப்பு துலக்குவது எனக்குப் புதிதல்ல. மம்சாபுரத்தில் களவுபோன மோட்டாரை வாசனை பிடித்தே கண்டுபிடித்தவன். கன்ட்ரோலர் சுவிட்சைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். திரையையே பார்த்தார். உதடு அசைந்தது. பெட்டிக்குள் கிர்ர், கிர்ர். பிளாப்பித் தட்டில் காப்பி எடுக்கிற சத்தம், எனக்குத் தெரியாதா? நம் பார்ட்டிகள் விலாசம், துணி விலை எல்லாம் உள்ளேதானே இருக்கிறது.

டைப் அடிக்கிற கனகாவைக் கேட்டேன்.

"கன்ட்ரோலரு காலையில மெஷின்ட்ட என்ன பேசுதாரு?"

"சாமி பேரச் சொல்லுவாரு அண்ணாச்சி. அப்பவாச்சும் வண்டி எடுக்குமான்னு."

"நீ நம்புதியா?"

"நீங்களும் பக்கத்துல இருந்து சொல்லுங்க. சீக்கிரம் திரை வந்தா எனக்கு பில் அடிக்க ஆவும்."

பூசி மெழுகுகிறாள். இவளுக்கும் பங்கு உண்டோ?

15, வியாழன்

காற்று. ஜன்னல் கண்ணாடி ஒன்று போச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன். மெஷின் விற்ற என்ஜினியர் தம்பி. கோளாறை நேற்றே சொல்லி வைத்திருந்தேன். லைனில் ஒரே கரகர.

"சார், நீங்க சொன்னத வச்சுப் பாத்தா, பழைய கன்ட்ரோலர்தான் காரணம்."

உடம்பு சிலிர்த்தது. ஸ்ரீவி. வரைக்கும் தெரிந்திருக்கிறது!

"நானும் அதத்தான் நெனச்சேன் தம்பி."

"ஆன் பண்ண ஒடனே அது இல்லாததையெல்லாம் தேட ஆரம்பிச்சிரும். அதான் லேட்டு."

'அது' என்கிறான். களவாணிக்கு அந்த மரியாதை போதும்.

"என்ன செய்யணும்?"

"கழட்டி விட்டுருங்க. அது இல்லாமலே வேலை ஓடும். உங்களுக்குப் பழக்கமில்லன்னா சனிக்கிழமை நான் வரேன்."

"எனக்கா பழக்கமில்ல? எத்தன பேரக் கழட்டி விட்டவன் நான்!"

"என்ன சார்? கேக்கல..."

லைன் கட்.

சாயங்காலம். தறிக்காரர்கள் எல்லாரும் நிற்க, சொன்னேன். "கன்ட்ரோலரே, சாவிய வச்சிட்டுப் போம். நாளைக்கு வர வேண்டாம். ஏன்னு ஒமக்கே தெரியும்."

"எனக்குத் தெரியலயே," என்றார். நடிப்பு. சாவியை வைத்தார். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

டீக்கடையில் விவரம் கேட்டார்கள். சொன்னேன். பிளாப்பியும் கையுமாகப் பிடித்தது, அவர் என் காலைப் பிடித்தது, நான் போலீஸ் வேண்டாம் என்று விட்டது. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

16, வெள்ளி

நானே திறந்தேன். நானே சுவிட்ச். அதே கோடு. அதே கிர்ர்.

"கன்ட்ரோலரய்யா போயும் வண்டி எடுக்கலயே," என்றாள் கனகா, யாருக்கோ சொல்வது போல.

போகிற போக்கில் உள்ளே ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆள் பலே கெட்டி.

17, சனி

என்ஜினியர் தம்பி வந்துவிட்டான். மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து உள்ளங்கை அகலப் பச்சை அட்டை ஒன்றை உருவினான்.

"இதான் சார் பழைய கன்ட்ரோலர். கழட்டத் தெரியும்னீங்க?"

அவனே சொன்னான். முன்பிருந்த பழைய மெஷினின் கணக்கை ஏற்ற அதன் டிஸ்க்கை இதில் மாட்டியபோது, அதை இயக்கும் இந்த அட்டையும் கூடவே வந்ததாம். டிஸ்க்கை எடுத்தாயிற்று, அட்டை தங்கிவிட்டது. தினமும் காலையில் இல்லாத டிஸ்க்கைத் தேடித் தேடி, கிடைக்காமல், பிறகுதான் மெஷினுக்கு வழி விடுமாம்.

சுவிட்சைப் போட்டான். நான் மூக்கைச் சொறிந்து முடிக்குமுன் திரை வந்துவிட்டது.

கனகா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணாச்சி, கன்ட்ரோலரய்யாவால தெருவுல தலகாட்ட முடியலயாம். களவாணின்னு சின்னப் புள்ளகூடச் சொல்லுதாம்."

டீக்கடைக் கதை கொஞ்சம் நீண்டுவிட்டது.

பால்கோவா வாங்கிக்கொண்டு, அட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் சம்சாரம். "வாங்க மேனேஜரே. கழட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு?" தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கன்ட்ரோலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு யாருய்யா எம் பேர வச்சா?"

"அமெரிக்காக்காரன்."

சிரிக்கவில்லை. "டீக்கடையில வச்சு அம்புட்டுப் பேருகிட்டயும் சொன்னீரு. அங்கயே பொய்யின்னு சொல்லும். பொறவு வேலைக்கு வாரேன்."

பால்கோவா திரும்பி வந்துவிட்டது. என்னை மட்டம் தட்டவென்றே காத்திருந்தாரோ என்று ஒரு சந்தேகம்.

19, திங்கள்

மறுபடி சாரல். நேற்றெல்லாம் வயிற்றுக் கோளாறு என்று படுத்திருந்தேன். கோளாறு ஒன்றும் இல்லை.

காலை ஷிப்டுக்கு முன்னால் டீக்கடை. நல்ல கூட்டம். எதிர்ச்சாரியில் கன்ட்ரோலர், சைக்கிளைப் பிடித்தபடி, நனைந்துகொண்டு.

அமெரிக்காவில் ஆரம்பித்தேன். அட்டை செய்கிற ஃபேக்டரி, வெள்ளைக்கார என்ஜினியர்கள், அவர்களுக்கே பிடிபடாத கோளாறு...

கடைக்காரர் குறுக்கே விழுந்தார். "அது கெடக்கட்டும். அந்த பிளாப்பி?"

"பிளாப்பி இல்ல."

"ஒங்க கால்ல விழுந்தாருன்னீங்களே?"

"விழல."

"அப்ப கையும் களவுமாப் பிடிச்சது?"

"கையும் இல்ல. களவும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. கிளாசில் டீ ஆடை கட்டிவிட்டது.

"தப்பு என்னோடது," என்றேன்.

கன்ட்ரோலர் சைக்கிளோடு ரோட்டைத் தாண்டி வந்தார். ஸ்டாண்டு போட்டார். தலையைத் துவட்டினார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அங்கன கேக்கல. செத்த சத்தமாச் சொல்லும்."

சொன்னேன்.