அச்சில் விழாத பேர்

காந்திபுரம் லாட்ஜ்,
12.8.1995

அன்புள்ள பொன்னாத்தாளுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா? கோயமுத்தூர்க் கம்ப்யூட்டரெல்லாம் என்னைக் கேட்டுத்தான் மூச்சு விடுகிறது.

மில்லுக்குச் சம்பளச் சீட்டு அடிக்கும் புரோகிராமை நானும் என்கூட வேலை பார்க்கும் ஆல்வினும் எழுதினோம், முக்கால்வாசி நான். சீட்டின் அடியில் இருவர் பேரும் வரவேண்டும். நேற்று முதலாளி முன்னால் அடித்தபோது அவன் பேர் மட்டும் விழுந்தது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரோகிராமைத் திறந்தேன். என் பேர் உள்ளே இருந்தது. ஆனால் அதில் எத்தனை எழுத்து அச்சாக வேண்டும் என்ற இடத்தில் பூஜ்யம் என்று குறித்திருந்தான் ஆல்வின்.

"உங்க பேரு உள்ள பத்திரமா இருக்குதுங்கண்ணா, பேப்பர்லதான் வராதுங்க" என்று சிரித்தான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான். நானும் சிரித்துவைத்தேன். நீ வருத்தப்படாதே.

பருப்புப்பொடி அனுப்பு. பொட்டலத்தின் மேல் என் பேரை முழுசாய், பெரிசாய் எழுது.

அவசரத்தில்,
மாசாணம்