சத்தம் வராத கிற்றார்

உன் கட்டிலில் இப்போது வேறொரு தாதி படுக்கிறாள். மெத்தையை வெயிலில் போட அவளுக்கு இன்று கைகொடுத்தேன். தூக்கியபோது பலகை இடுக்கிலிருந்து ஒரு சிவப்புப் பிளனல் துணித்துண்டு விழுந்தது. ஆசுப்பத்திரிப் போர்வையின் கிழிந்த ஓரத்திலிருந்து நீ வெட்டியெடுத்த துண்டு. கம்பிகள் அழுத்திய கோடுகள் அதில் இன்னும் தெரிகின்றன. மூக்கருகே பிடித்தேன். வார்னிசும் தேங்காயெண்ணெயும் கலந்த அதே வாசம்.

"என்னக்கா அது, காயத்துக்குக் கட்டுறதோ?" என்று அவள் கேட்டாள்.

துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். யுத்தம் இன்னும் முடியவில்லை. உனக்குப் பிறகு வந்தவர்களிடம் உன்னைப் பற்றி எங்கே தொடங்கிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து இந்த ஆசுப்பத்திரிக்கு நீ மாற்றலாகி வந்தபோது உன்னிடம் ஒரு தகரப் பெட்டியும் குடையும்தான் இருந்தன. துறைமுகம் நிறைய வெள்ளைக்காரரின் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் நின்றன. இரவில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க யன்னல் கண்ணாடிகளுக்குக் கறுத்தக் கடதாசி ஒட்டியிருந்தோம். முதற் கிழமை முழுவதும் நாம் ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் அழைத்தோம். பிறகு ஒரு பின்னேரம் நீ கட்டிலில் குந்தியிருந்து இடதுகை விரல் நுனிகளைப் பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தோல் மெத்தெண்டு போயிட்டுதுகா," என்றாய். "இன்னும் கொஞ்ச நாள் போனாக் கம்பி அறுக்கும். பிறகு முதல்ல இருந்து தொடங்க வேணும்."

உன் வீட்டில் அண்ணனின் பெரிய கிற்றார் இருப்பதும், பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பத்தோடு சேர்ந்து நீ சின்ன வயதிலிருந்தே வாசிப்பதும் அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. ஏன் அதைக் கொண்டுவரவில்லை என்று கேட்டேன்.

"அதை இங்க வாசிச்சாக் கப்பல்ல நிக்கிறவனுக்கும் கேக்கும். மேற்றன் அடுத்த பஸ்ஸிலயே என்னை ஏத்தி விட்டிருவா."

அதுவும் சரிதான், தாதிமாருக்குப் பொறுப்பான மேற்றன் அப்படிப்பட்டவர். எங்கள் அறையில் பகலிலும் யாராவது இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கட்டிலின் கீழ் தள்ளக்கூடியதாக, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடியதாக, தூங்குகிறவளை எழுப்பாததாக உனக்கு ஒரு கிற்றார் வேண்டியிருந்தது.

கடைத்தெருவுக்குப் பின்னால், கதிரைகளும் வயலின்களும் பழுதுபார்க்கும் கிழவரைத் தேடிப் போனோமே. அவருடைய சுவரில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாக இறக்கித் தந்தார். முதலில் வயிறு பெருத்த ஒரு கிற்றார். நீ ஒரு தடவைதான் கம்பிகளை வருடினாய். தெருவில் போன இருவர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "இது ஆளைக் காட்டிக் குடுத்திரும்," என்று திருப்பிக் கொடுத்தாய். அடுத்து, மாலுமி யாரோ விட்டுப்போன நான்கு கம்பிச் சாமான். குழந்தைபோல் அதை ஏந்திப் பார்த்துவிட்டு, "நாலு கம்பியில பழகினா என்ட விரல் மற்ற ரெண்டையும் மறந்திரும்," என்றாய்.

கடைசியாக மூலையில் சாய்ந்திருந்த ஒன்றை நீயே போய் எடுத்தாய். உடல் சிறியது, ஆனால் கழுத்து ஏறக்குறைய முழு நீளம். ஆறு கம்பி. அதைக் கண்ணருகே உயர்த்தி, கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாய். கடதாசியை மடித்துக் கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே செருகி உயரம் பார்த்தாய். முறுக்காணிகளைத் திருகி, விட்டு, மறுபடி திருகினாய்.

"உது வேண்டாம் பிள்ளை," என்றார் கிழவர். "மேல் பலகை வெடிச்சுப்போய் உள்ளுக்குத் தடிச்ச பலகை வைச்சு ஒட்டினனான். சத்தம் வராது."

"அதுதானே ஐயா எனக்கு வேணும்."

என்னை வாசலில் போய் நிற்கச் சொன்னாய். உன் விரல்கள் கம்பிகளில் ஓடின. பூனை நடப்பதுபோல் ஏதோ கேட்டது. இன்னும் தள்ளிப் போகச் சொன்னாய். தெருவைக் கடந்து நின்று பார்த்தேன். உள்ளே இருட்டில் உன் முகம் சாய்ந்திருந்தது, கை அசைந்தது, ஒரு சத்தமும் இல்லை. "கேக்குதா?" என்று நீ வாயசைத்தாய். தலையாட்டினேன், இல்லையென்று. உன் முகத்தில் வந்த சந்தோசம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தலையணை உறையில் சுற்றி அதைக் கொண்டுவந்தோம். அப்படியிருந்தும் நீ விடவில்லை. கம்பிகள் முடிகிற இடத்தில் பிளனலைச் செருகி, இருந்த கொஞ்சச் சத்தத்தையும் அடக்கினாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுவரைப் பார்த்துப் படுத்தபடி வாசிப்பாய். பலகையில் காதை வைத்தால் மட்டுமே கேட்கும். நான் வைத்துக் கேட்டிருக்கிறேன். அது நீயாக உண்டாக்கிய மெட்டு. மெல்ல ஏறி, திரும்பி, மறுபடி ஏறி, ஓரிடத்தில் நின்றுவிடும். எப்போதும் அதே இடத்தில்.

"இதுக்கு அங்கால எப்பிடிப் போறதெண்டு தெரியல்லகா," என்பாய்.

இறக்கக்கண்டியிலிருந்து அந்த மீனவரைக் கொண்டுவந்தது அப்போதுதான். வலையில் சிக்கிய ஏதோ இரும்புச் சாமானைக் கரைக்கு இழுத்தபோது அது வெடித்திருந்தது. இரண்டு கண்ணுக்கும் கட்டு. காதுகள் இரண்டும் போய்விட்டன என்று டொக்டர் சொன்னார். பக்கத்தில் தட்டு விழுந்தாலும் அசையமாட்டார். அவருடைய மனைவிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளங்கையை ஒருமுறை அமத்தினால் இல்லை, இருமுறை அமத்தினால் ஓம். அவர் கேட்பார், நாங்கள் அமத்துவோம். ஆனால் அவர் கேட்பதும் குறைந்துகொண்டே வந்தது. கஞ்சியை வாயில் வைத்தால் துப்பிவிடுவார். இப்படியே போனால் ஆள் தப்பாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குக் காயம் துடைத்துக்கொண்டிருந்தேன். மூக்கால் ஏதோ முனகினார். நோவென்று நினைத்துக் கையை எடுத்தேன். நோவில்லை, அது மெட்டு. மெல்ல ஏறி, திரும்பி, மறுபடி ஏறி, நின்றது. என் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்துவிட்டது.

"மிஸி," என்றார், தாதிமாரை எல்லோரும் அழைப்பதுபோல், ஆனால் செவிடர்கள் பேசுகிற உரத்த குரலில். "ஆர் உந்தக் கிற்றார் வாசிக்கிறது? ஏன் அந்த இடத்திலை நிப்பாட்டுறா?"

மனைவி கண்ணைத் துடைத்தாள். "கொஞ்ச நாளா உப்பிடித்தான் பிசத்துறார் மிஸி. ஒரு சத்தமும் இல்லையெண்டு இவருக்கு எப்பிடிச் சொல்லுறது?"

ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். "பகிடி விடாத," என்றாய். எங்கள் அறைக்கும் அந்த வார்ட்டுக்கும் நடுவே சமையல் நடக்கும் குசினியும் கிணறும் வேப்பமரங்களும் இருந்தன. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளுக்கே கேட்காத கிற்றார் அது. நீ நேரே போய் அவருடைய கட்டிலருகே நின்றாய். அவர் மறுபடி முனகத் தொடங்கினார். நிற்கும் இடம் வந்ததும் நீ என் கையைப் பிடித்த பிடி எலும்புவரை நொந்தது.

அடுத்த நாள் நீ வாசிக்கவில்லை. "இண்டைக்கு ஏன் சத்தமில்லை?" என்று என்னிடம் கேட்டார். அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே காலையில் வாசித்தாய். காலையிலேயே முனகினார். அன்று நீ கட்டிலில் வெகுநேரம் கிற்றாரைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாய் என்று நினைத்தேன். கொடுத்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நான் ஒளிச்சு வாசிக்கிறன் எண்டு நினைச்சன்," என்றாய் கடைசியில். "ஒளிக்க ஏலாது போல."

"பயமில்லையோ உனக்கு?"

"பயம்தான். ஆனா கேக்கிறதுக்கு ஒராள் இருக்கெண்டாத் தவறாம வாசிக்க வேணும்கா."

அதன்பிறகு அவருடைய மத்தியானக் கஞ்சி நேரமும் உன் வாசிப்பு நேரமும் ஒன்றாயின. வாசிப்பது ஒரு மிஸியோ என்று அவர் கேட்டபோது நீயே அவருடைய கையை இருமுறை அமத்தினாய். நீ தொடங்கினால் அவர் எழுந்து சாய்ந்து உட்காருவார். மனைவி கஞ்சியை ஊட்டுவாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கும்பிடுவதுபோல் ஒருமுறை எங்கள் அறைப்பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான். மேற்றனுக்கும் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் இருவரையும்தான் கட்டிலில் படுக்க வைத்திருப்பார்.

பிறகு கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்தது. எங்கள் நகரமும் காலியானது. மாட்டு வண்டிகளில் பாய் தலையணையோடு சனம் போனது. என் ஐயாவும் கிளிவெட்டியிலிருந்து என்னைக் கூட்டிப்போக வந்தார். வரமாட்டேன் என்றேன். நீ நின்றதால்தான் நானும் நின்றேன்.

இங்கே விமானங்கள் வந்தது காலையில். அபாயச் சங்கு ஊதியதும் நடக்கக்கூடியவர்களைப் பதுங்குகுழிக்குக் கொண்டுபோனோம், மற்றவர்களைத் தூக்கினோம். நீ இரவு வேலை முடித்து அறையில் படுத்திருந்தாய். கூந்தல் அவிழ்ந்தபடி ஓடிவந்து குழிக்குள் குனிந்து பார்த்தாய். மீனவரின் மனைவி தேத்தண்ணி வாங்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதுகொண்டு வந்து சேர்ந்திருந்தாள்.

"இறக்கக்கண்டி அண்ணை எங்க?" என்றாய்.

யாருக்கும் தெரியவில்லை. அவருக்குச் சங்கு கேட்காது. வழியும் தெரியாது. "உள்ளுக்குத்தான் இருப்பார்," என்று யாரோ சொன்னார்கள். நீ வார்ட்டுக்குள் ஓடினாய். துறைமுகப் பக்கத்தில் நிலம் தூக்கிப் போட்டதுபோல் ஒரு அதிர்வு. பழைய பள்ளிக்கூடக் கட்டடம் அது, உனக்குத் தெரியும். அவருடைய கட்டில் இருந்த பக்கத்துக் கூரை அப்படியே இறங்கியது.

அவர் அங்கே இருக்கவில்லை. குசினிக்குப் பின்னால், வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தார். உடலில் ஒரு கீறல் இல்லை.

"கிற்றார்ச் சத்தம் வெளியாலை போச்சுது," என்று மனைவியிடம் சொன்னார். "அதுக்குப் பின்னாலை வந்தனான். ஏன் எல்லாரும் நடுங்கிறியள்?"

மூச்சில்லாத உன்னை வெளியே எடுத்த பிறகு நான் அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கட்டிலின் கீழே தலையணை உறைக்குள், நீ போட்ட முடிச்சு அவிழாமல், கிற்றார் இருந்தது. அந்தக் காலை யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

உன் அண்ணன் வந்து உன்னைக் கொண்டுபோனார். லொறியில் ஏறிய பிறகு கிற்றாரை மடியில் வைத்து ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். "இதுல சத்தமே இல்லையே தங்கச்சி," என்றார் என்னிடம். "இதையா வாசிச்சவ?" ஓமென்று தலையாட்டினேன்.

இந்த வருசம் மழை தொடங்குமுன் அம்மைப்பால் குத்துவதற்காக இறக்கக்கண்டிக்குப் போனேன். கரையில் தென்னை நிழலில் அவர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார், விரலால் தடவித் தடவி. கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். காது அப்படியேதான். மனைவி என்னைக் கண்டதும் அழுதாள். என் கையைப் பிடித்து அவருடைய கையில் வைத்தாள். அவர் என் விரல்களைத் தடவினார்.

"காயம் கட்டின மிஸியோ?"

இருமுறை அமத்தினேன்.

"மற்ற மிஸி சுகமா இருக்கிறாவோ? கிற்றார் வாசிக்கிற மிஸி?"

மனைவி வேண்டாமென்று அவசரமாகத் தலையாட்டினாள். "நாங்கள் சொல்லேல்லை மிஸி. சொன்னாத் தன்னாலைதானெண்டு உடைஞ்சு போவார்."

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிரித்தார். "விசர்க் கேள்வி. சுகமில்லாமலோ ஒவ்வொரு மத்தியானமும் வாசிக்கிறா? முந்தி ஒரு இடத்திலை நிண்டிடுவா. இப்ப நிக்கிறேல்லை. அங்காலை எவ்வளவு வடிவாப் போகுது, தெரியுமோ?"

பிறகு மூக்கால் அந்த மெட்டைத் தொடங்கினார். எழுந்து போய்விடத்தான் நினைத்தேன், கை அவருடைய கையில் இருந்தது. மெல்ல ஏறியது, திரும்பியது, மறுபடி ஏறியது. அந்த இடம் வந்தது. அவர் நிற்கவில்லை. அதற்கு அப்பால் போனது. வேலை முடிந்து நீ படிகளில் தடதடவென்று இறங்கி வருவாயே, அந்த அவசரம் அதில் இருந்தது. பிறகு நிதானமாகி, ஒரு முடிவுக்கு வந்து நின்றது. கடல் பக்கத்திலேயே இருந்தும் அந்த நேரத்தில் அலைச்சத்தம் எனக்குக் கேட்டதாக ஞாபகமில்லை.

"கண்டாச் சொல்லுங்கோ மிஸி," என்றார். "நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு. சொல்லுவியளோ?"

இருமுறை அமத்தினேன். வேறென்ன செய்வேன்?

அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்கிறார். மெட்டு நன்றாக முடிகிறது.

எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. காத்திருந்து பார்த்திருக்கிறேன், இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்ட்டு அடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் தட்டுக்களை மோதவிடுவதில்லை, கதவை மெதுவாகச் சாத்துகிறேன், யாராவது கதைக்க வந்தால் கையைக் காட்டி நிறுத்துகிறேன். புதிதாக வந்தவர்கள் என்னைக் கொஞ்சம் ஒரு மாதிரி என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். நீ வாசித்து முடி.