கல் போன வழி

சனிக்கிழமை, இரவு.

மரண அறிவித்தல். என் இடது சிறுநீரகத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டிருந்த கல், வியாழனன்று ஆஸ்பத்திரியில் லேசர் பட்டுத் தூளாகிக் காலமானது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்.

நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. விலாவிலிருந்து தொப்புள் வரை வெட்டித் தைத்ததாக வகுப்பு முழுக்கச் செய்தி அனுப்பியிருந்தேன். அந்தத் தையலைப் பார்க்கவே ரிஸ்வான் இன்று பின்னேரம் ஏறாவூரிலிருந்து சைக்கிளில் வந்துவிட்டான்.

"சேட்டைத் தூக்குடா, வயித்தப் பாப்பம்."

"கட்டுப் போட்டிரிக்கி மச்சான். தொடப்படாது."

தேத்தண்ணியோடு வந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன கட்டு? ஒண்டுக்குப் போற வழியால சின்னக் குழாய விட்டெல்லோ கல்ல உடைச்சவங்க. ஒரு கீறலும் இல்ல, மகன்."

ரிஸ்வான் தன் கால்களை இறுக்கிக்கொண்டான்.

"அல்லாஹ்வே! அந்த வழியாலயா? அதுக்கு வயித்த வெட்டினாலும் பரவாயில்லயேடா! நீ கத்தல்லயா?"

"ஒரு சத்தம் போடல்ல," என்றேன்.

போகும்போது என் கையைக் குலுக்கிவிட்டுப் போனான். திங்கட்கிழமை வகுப்பில் நான்தான் வீரன்.

சத்தம் போடாதது உண்மைதான். மயக்க மருந்தில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு, கையில் ஊசி ஏற்றியபோது நான் போட்ட கூச்சலைக் கேட்டு, பக்கத்துக் கட்டில் சின்னப் பிள்ளை தன் பொம்மையைத் தந்தாள். வாங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.